கல்லறைக்குப் பெயர் உயிர் வீடு: தமிழ் மண்ணில் தங்கிய எபிரேயச் சொற்கள்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லை தொடங்குவதற்குச் சற்று முன்னால் கோரிமேடு. பேருந்தில் கோரிமேட்டுக்குச் சீட்டு கேட்கும் பலர் நோயாளிகள், அல்லது நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள். ஜிப்மர் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல ஊர்க்காரர்கள் கையில் ஒயர்கூடையும் பழைய மருந்துச் சீட்டுமாக வந்து இறங்குகிறார்கள். புறநோயாளிக் கூடத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் சூசை, அடுத்தவர் யூசுப், இன்னும் சற்று நேரத்தில் ஒரு யோசேப்பு.

மூவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு மதப் பிரிவு. பெயர் மட்டும் ஒன்றே. யோசேஃப் என்ற எபிரேயச் சொல், மூன்று வழியாகப் பயணம் செய்து மூன்று உருவில் கோரிமேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போர்த்துக்கீசியரின் 'ஜொசே' கத்தோலிக்கத் தமிழில் சூசை ஆயிற்று. அரபியில் வழங்கிய வடிவம் முஸ்லிம் வீடுகளில் யூசுப். சீர்திருத்தச் சபையார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது மூல ஒலியை ஒட்டி யோசேப்பு என்று எழுதினார்கள். சீட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கும் ஊழியர், தம்மை அறியாமலே மூன்று கடல்வழிகளின் வரலாற்றை வாசிக்கிறார்.

அந்தச் சொல்லுக்குப் பொருளும் உண்டு. வேதாகமக் கதையில், நெடுங்காலம் பிள்ளையில்லாமல் ஏங்கிய ராகேல் தன் முதல் மகனுக்கு இந்தப் பெயரை வைக்கிறாள். 'இன்னும் ஒன்று சேர்த்துத் தருவார்' என்ற நம்பிக்கை பெயருக்குள் இருக்கிறது. யூத மரபில் பெயர் வெறும் அடையாளமன்று. ஒரு சின்ன வேண்டுதல். எபிரேயத்தில் 'தாவார்' என்ற ஒரே சொல் பேச்சையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். தமிழரும் 'பொருள்' என்றால் சொல்லின் அர்த்தத்தையும் கையில் எடுக்கும் பண்டத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். சொல்லை நம்பி வாழ்ந்த இரண்டு பழைய மக்களுக்குள் இருக்கும் இந்த ஒற்றுமை தற்செயலாகவே இருக்கட்டும். யூதரைப் புரிந்துகொள்ள இது நல்ல வாசல். செய்தித்தாளின் போர்ச் செய்திகளில் மட்டும் அவர்களைப் பார்க்கிற நமக்கு, அவர்கள் வீட்டுச் சொற்கள் வேறொரு முகத்தைக் காட்டும். அவற்றில் சில நம் மண்ணிலேயே கிடக்கின்றன.

கோரி

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். கோரி என்றால் கல்லறை. பாரசீகத்தின் 'கோர்' உருது வழியாகத் தமிழுக்கு வந்து கோரி ஆனது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் தேடி வரும் ஓர் ஊருக்குக் கல்லறை மேடு என்று பெயர். ஊர்க்காரர்கள் யாரும் இதை நினைத்துக் கலங்குவதில்லை. பழகிய சொல்லில் அச்சம் தங்குவதில்லை.

அஞ்சத்தக்க சொல்லை வேறு சொல்லால் மூடுவதும் மனித வழக்கம்தான். தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இதற்கு 'மங்கலம்' என்று பெயர் வைத்தார்கள். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் வகுப்பறையில் பலரும் படித்த எடுத்துக்காட்டுகள். யூதர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய இடுகாட்டின் பெயர் 'பெத் ஹயிம்'. நேர்ப்பொருள், உயிர் வீடு.

அந்தச் சொல்லைப் பார்க்க எருசலேம் போக வேண்டியதில்லை. சென்னை அவ்வை சண்முகம் சாலையில், பழைய பெயர் லாயிட்ஸ் சாலை, சிறிய யூத இடுகாடு ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் இருக்கும் பெயர் இதுவே. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரம் வாங்க வந்த யூத வணிகர்கள் சென்னையில் குடியேறினார்கள். போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் பலர். மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து இறக்கி, வைரத்தை ஏற்றி அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவு. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். வைர வணிகம் கைமாறியதும் அவர்கள் கலைந்து போனார்கள். பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து எஞ்சிய சில கற்களே பெயர்ந்து பெயர்ந்து இன்றைய இடத்துக்கு வந்தன.

அவர்களுடைய சாவுச் சடங்கிலும் தமிழருக்கு அந்நியம் குறைவு. அடக்கம் முடிந்து திரும்புகிறவர்கள் கை கழுவிவிட்டே வீட்டுக்குள் நுழைவார்கள். துக்க வீட்டார் தாழ்வான இருக்கையில் ஏழு நாள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் சாப்பாட்டை அவர்கள் சமைக்கக் கூடாது. அண்டை அயலார் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இந்த ஏழு நாள் துக்கத்தின் பெயர் 'சிவா'. நம் சிவனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எபிரேயத்தில் ஏழு என்பதன் வடிவம் அது. ஆனால் சாவு வீட்டில் அடுப்பு மூட்டாத, பங்காளி வீட்டிலிருந்து பானையில் சோறு வரும் ஊரில் வளர்ந்தவருக்கு, அந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் கருணையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளி

யோசேஃப் என்ற பெயருக்கு நான்காவது உருவம் ஒன்றும் உண்டு. அது கோரிமேட்டில் கேட்பதில்லை, செப்பேட்டில் இருக்கிறது. கி.பி. 1000 ஆண்டளவில் சேர அரசர் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து, யோசேஃப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்பேடு வழங்கினார். தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரிந்திராத நடை, எழுத்து வட்டெழுத்து. அதில் யோசேஃப் 'இசுப்பு' ஆகிறார். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, ஊதுகொம்பு, தோரணம் உள்ளிட்ட 72 உரிமைகள் அவருக்கும் அவர் வழியினருக்கும் தரப்பட்டன. ஒரு தமிழ்க் கல்யாண ஊர்வலத்தில் என்னென்ன மரியாதை உண்டோ, அவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இசுப்புவின் செப்பேடு அவருக்குக் கொடுப்பது 'அஞ்சுவண்ணம்'. ஐந்து நிறம் அல்லது ஐந்து சாதி என்று நினைக்கத் தோன்றும். பாரசீகத்தில் சங்கம், அவை என்று பொருள்படும் 'அஞ்சுமன்' தமிழ் நாக்கில் ஏறி அஞ்சுவண்ணம் ஆனது என்பதே ஆய்வாளர் முடிவு. மேற்காசிய வணிகர்களின் குழு அது. யூதர், கிறித்தவர், முஸ்லிம் ஆகியோர் அதில் இருந்தார்கள். ராமநாதபுரக் கரையின் தீர்த்தாண்டதானம் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் நெடுநாள் பணிசெய்த கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு இந்தக் குழுவைப் பற்றித் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியூரான் கொண்டுவந்த சொல்லைத் தன் ஒலிக்கு இழுத்து, அதில் தனக்குப் புரியும் பொருளையும் ஏற்றிக்கொள்வது தமிழின் பழைய விருந்தோம்பல்.

திரும்ப அந்த யூதர்களும் நம் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் யூதரின் தொழுகைக் கூடத்துக்குப் பெயர் 'பள்ளி'. சமணத் துறவியர் தங்கிய இடம் பள்ளி, பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளி, முஸ்லிம்கள் தொழுவது பள்ளிவாசல், கேரளக் கிறித்தவரின் கோயிலும் பள்ளி, யூதருக்கும் அதுவே. நான்கு வழிபாட்டினரும் படிக்கும் பிள்ளைகளும் ஒரு சொல்லுக்குள் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கொச்சி யூதர்கள் பள்ளிக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றினார்கள். உலகின் பிற பகுதி யூதர்களிடம் பொதுவாக இல்லாத வழக்கம் இது. பக்கத்துக் கோயிலிடம் கற்றது. மட்டாஞ்சேரிப் பள்ளிக்கும் அதை அடுத்த அரண்மனைக் கோயிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். உள்ளே தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் யூதப் பெண்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, அதே அந்தியில் தெருவின் மறு பக்கத்திலும் வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கும்.

பரதேசி

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட அந்தப் பள்ளியின் முழுப் பெயர் பரதேசிப் பள்ளி. தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் காது கூசும். வீட்டில் கோபம் வந்தால் பிள்ளையைத் திட்டும் சொல் அது. மூலப் பொருளில் வசை எதுவும் இல்லை. வேறு தேசத்தான், அவ்வளவே. ஸ்பெயின், போர்ச்சுகல், சிரியா, பாக்தாத் என்று பல இடங்களிலிருந்து பிற்காலத்தில் வந்த யூதர்களை, முன்பே வேரூன்றிய மலபார் யூதர்களிடமிருந்து பிரித்துச் சொல்ல அந்தப் பெயர். ஊர் ஊராக விரட்டப்பட்ட ஒரு மக்கள் 'பரதேசி' என்ற பெயரைத் தங்கள் தொழுகைக் கூடத்தின் நெற்றியில் எழுதி, தலை நிமிர்ந்து 400 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்ததால் அது முடிந்தது.

ஆனால் இந்தச் சொல்லுக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். விரட்டப்பட்டவர்களே தங்களுக்குள் மேல் கீழ் பார்த்தார்கள். பரதேசியர், மலபார் யூதருடன் மண உறவு வைத்துக்கொள்ளவில்லை. அடிமைகளாக இருந்து விடுதலையடைந்து யூத நெறியை ஏற்றவர்களின் சந்ததிக்குப் பரதேசிப் பள்ளியில் சம இடம் கிடைக்கவில்லை. அந்தச் சந்ததியில் பிறந்தவர் ஏ.பி. சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். காந்தியின் சத்தியாகிரகத்தைப் பள்ளிக்குள் கொண்டுபோய், தம் மக்களுக்குத் தடுக்கப்பட்ட இடங்களில் உட்கார்ந்தார். மெல்ல மெல்லத் தடைகள் விலகின. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. சாதிக்கு எதிராக நம் கோயில் வாசல்களில் நடந்த அதே போராட்டத்தின் இன்னொரு கிளை அது.

சனிவார் தேலி

கொங்கணக் கரையில், அலிபாக் பக்கத்து ஊர்களில், செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்த ஒரு சமூகம் இருந்தது. அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சனிவார் தேலி' என்று அழைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பொருள். சனிக்கிழமையில் அவர்கள் செக்கு சுற்றாது. ஏன் என்று அவர்களுக்கே நீண்ட காலம் முழு விளக்கம் தெரிந்திருக்கவில்லை. தங்கள் முன்னோர் கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் ஒதுங்கியவர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. எபிரேய மொழியும் நூல்களும் கைவிட்டுப் போன பின்னும், கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் 'ஷெமா' வேண்டுதலும், விருத்தசேதனமும், உணவு விலக்குகளும், சனிக்கிழமை ஓய்வும் அவர்களிடம் மிஞ்சியிருந்தன. பெனே இஸ்ரவேலர் என்று இன்று அறியப்படும் யூதர்கள் அவர்களே.

'ஷபாத்' என்ற எபிரேயச் சொல்லின் வேர்ப்பொருள், நிறுத்து என்பது. தமிழ் வேதாகமம் இதை ஓய்வுநாள் என்கிறது. உழைப்பை நிறுத்துவதே வழிபாடு என்று சொன்ன மரபு அது. வேலைக்காரருக்கும், வீட்டில் தங்கிய அந்நியருக்கும், செக்கு மாட்டுக்கும்கூட அன்று விடுப்பு. ஒரு சமூகம் தன் மொழியையே மறந்துவிட்ட பிறகும் இந்த ஒரு நாளை மறக்கவில்லை. நூல் இல்லாமல், குரு இல்லாமல், பள்ளி இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கையைச் சுமந்தது, வாரத்துக்கு ஒருமுறை நின்ற ஒரு செக்கு.

மகிழ்ச்சியான நாளிலும் நேர்த்திக்கடன் தீரும் நாளிலும் அவர்கள் வைக்கும் படையல் 'மலீதா'. ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பிசைந்து, சுற்றிலும் பழங்கள் அடுக்கி, எலியா தீர்க்கதரிசியின் பெயர் சொல்லிப் பகிர்ந்து உண்பார்கள். தர்காக்களில் வழங்கும் படையலுக்கும் மலீதா என்ற பெயர் உண்டு. அவலும் தேங்காயும் நம் கிருஷ்ண ஜெயந்திக்கு அந்நியமா என்ன?

துகி

சொற்கள் ஒருவழிப் பயணம் மட்டும் செய்யவில்லை. வேதாகமத்தின் முதலாம் ராஜாக்கள் நூல், சாலமோன் அரசருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்த கப்பல்களின் சரக்கைப் பட்டியலிடுகிறது. பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, கடைசியாகத் 'துகியிம்'. அந்தச் சொல் தமிழின் 'தோகை'யே என்று கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். எபிரேய 'அகாலிம்', நம் அகில் மரம் என்பதும் அவர் தொடங்கிவைத்த விவாதத்தில் உண்டு. துகி என்பது எகிப்திய மொழியின் குரங்குப் பெயர் என்று மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் தோகை என்ற விளக்கமே பலருக்கு ஏற்புடையதாக நிலைத்தது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் மயில்கள் என்றே இருக்கிறது. கப்பலேறிப் போன தோகை, மயிலாகத் தாய்வீடு திரும்பிவிட்டது.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் மொழியறிஞர் ஹயிம் ராபின் 1973இல் இதைவிடத் துணிந்த ஒரு கருத்தை முன்வைத்தார். வேதாகமத்தின் காதல் நூலான உன்னதப்பாட்டில், பெண்ணே ஏங்குகிறாள், பெண்ணே பேசுகிறாள், நிலமும் மரமும் விலங்கும் அவள் மனத்துக்கு மொழியாகின்றன. அக்கம்பக்கத்து மேற்காசிய இலக்கியத்தைவிட இது சங்க அகப்பாடலுக்கு நெருக்கமாக இருப்பதைக் கண்ட ராபின், வணிகர் வழியே தமிழ் மரபின் சாயல் அங்கே போயிருக்கலாம் என்று வாதிட்டார். எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் படிப்பு வேர் பிடித்தது. அங்கே பணியாற்றிய டேவிட் ஷுல்மன் 2016இல் தமிழின் வாழ்க்கை வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார்.

இன்றைய எபிரேயத்தில் மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது. துகி என்றால் இப்போது கிளி. இதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் திருநாளிலும் பாடிய மலையாளப் பாட்டுகளில் கிளி வந்து போகும். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தாயிடமிருந்து மகள் வாங்கிக்கொண்டார்கள். இஸ்ரேல் என்ற நாடு 1948இல் உருவானதும், 1950களில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். நோட்டுப் புத்தகங்களும் கப்பலேறின. 1951இல் போன ரூபி டேனியல், வடக்கு இஸ்ரேலின் ஒரு கூட்டுப் பண்ணையில் வாழ்ந்தபடி அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 2005இல் வந்த அவர்களின் தொகுப்புக்குப் பெயர் 'கார்குழலி'. தமிழருக்கு அதை மொழிபெயர்க்கவே வேண்டாம்.

ராகேல்

மறுபடி புதுச்சேரிக்கு. கோரிமேட்டிலிருந்து நகரப் பேருந்தில் கடற்கரைப் பக்கம் போனால் அரவிந்தர் ஆசிரமம். முற்றத்தில் மலர் போர்த்திய ஒரு சமாதி. 1950இல் மறைந்த அரவிந்தரும் 1973இல் மறைந்த அன்னையும் ஒரே சமாதியில் இருக்கிறார்கள். ஊர் முழுக்க 'அன்னை' என்று மட்டும் சொல்லும் அந்தப் பெண்மணியின் பிறப்புப் பெயர் மீரா பிளான்ஷ் ராகேல் அல்பாசா. 1878 பிப்ரவரி 21 அன்று பாரிசில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துருக்கியின் எதிர்னெ ஊர்க்காரர். தாய் எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர். வீட்டில் சடங்கு வழக்கம் இல்லை. அன்னையும் எந்த மதத்தையும் தமதென்று சொல்லிக்கொண்டவர் அல்லர். அவரை யூத மதத்தின் பெருமைப் பட்டியலில் சேர்ப்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால் பெயர் பெயர்தான். யோசேஃபுக்குப் பெயர் வைத்த தாயின் பெயரே, 1914 மார்ச் 29 அன்று முதன்முதலாகப் புதுச்சேரிக்கு வந்து, 1920இல் திரும்பி வந்து நிலையாகத் தங்கிவிட்டது.

ஆசிரமத்தின் அரவிந்தர் சின்னத்தில் இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும். யூதர் பார்த்தால் 'மாகேன் தாவீத்', தாவீதின் கேடயம் என்பார். தமிழர் பார்த்தால் முருகனின் அறுகோணம் என்பார். ஆசிரமம் அதற்குத் தன் விளக்கத்தைச் சொல்லும். மேலிருந்து இறங்கும் சச்சிதானந்தம் ஒரு முக்கோணம், கீழிருந்து எழும் வேட்கை மற்றொன்று. ஒரே கோடுகள், பார்ப்பவர் கொண்டுவரும் சொல்லைப் பொறுத்து அவை பேசுகின்றன.

இந்தச் சொற்களெல்லாம் நூலகத்தில் பூட்டிவைக்க வேண்டியவை அல்ல. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலில் 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' என்று ஒலிப்பவை எபிரேயச் சொற்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் கேட்கும் 'ஆமீன்' அதே வேரின் அரபு வடிவம். புதுச்சேரி, தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் உள்ள பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தம் பெயர், தாத்தா பாட்டி பெயர், தெருவின் பெயர், ஊரின் பெயர் ஆகியவை எந்த மொழியிலிருந்து வந்தன, என்ன பொருள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கோரிமேட்டுப் பிள்ளைகள் கோரியில் தொடங்கட்டும். சூசையின் பேரனும் யூசுப்பின் பேத்தியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தால், தங்கள் தாத்தாக்களுக்கு ஒரே பெயர் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.